பலகையே அளவுகோல்

ஆடாத, கழற்றிக்கொண்டு போகக்கூடிய இறாக்கைக்கு ஒரு மூட்டு

2012ஆம் ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், மீள்குடியேறிய விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு நாம் ஓர் இறாக்கை செய்து கொடுத்தோம். தற்காலிகக் கொட்டில் வீடு, மண் தரை, ஒரு மூலையில் எலி வளை, மறு மூலையில் கறையான். விதைநெல்லை நிலத்தில் வைக்க முடியாது என்பதற்காகவே அந்த இறாக்கை. ஓர் ஏக்கருக்குத் தேவையான 2 புசல் விதைநெல், அதாவது ஏறத்தாழ 42 கிலோ, இரண்டு உரப்பைகளில் அதன் நடுத்தட்டில் ஏற்றப்பட்டது.

முதல் மழை பெய்த இரவில் தட்டு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. பைகள் ஈரத் தரையில் விழுந்தன. கூரை ஒழுக்கைப் பார்ப்பதா, நெல்லைப் பார்ப்பதா என்று வீட்டார் அன்றிரவு திண்டாடியிருக்கிறார்கள். இரண்டு மூன்று நாட்களில் பைக்குள்ளேயே நெல் முளைவிட்டது. அந்தக் காலபோகத்துக்கு அவர்கள் விதைநெல்லைக் கடனாக வாங்கித்தான் விதைத்தார்கள்.

நாம் போய்ப் பார்த்தபோது பலகை எதுவும் முறிந்திருக்கவில்லை. வளைந்து இழுபட்டிருந்தவை நாம் அடித்த ஆணிகளே. எம்முடன் வந்திருந்த மூத்த தச்சர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "சுவாமி, நெல்லை ஆணியில ஏத்தாதேங்கோ, மரத்தில ஏத்துங்கோ" என்றார். இக்கட்டுரை அந்த ஒரு வசனத்தின் விளக்கம்தான்.

ஆணியின் வேலையும் மரத்தின் வேலையும்

தட்டை இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவில் வைத்து வெளியிலிருந்து ஆணி அடித்தால், பாரம் முழுவதும் ஆணிகளின் மீதே இருக்கும். பலகையின் முகத்தில் இறங்கும் ஆணி நன்றாகப் பிடிக்கும். ஆனால் தட்டின் நுனியில், நாரின் போக்கிலேயே இறங்கும் ஆணிக்குப் பிடிமானம் மிகக் குறைவு. ஒட்டுப்பலகை என்றால் விளிம்பில் இறங்கும் ஆணி அதன் படைகளைப் பிரித்துவிடவும் கூடும். பாரம் ஏறி இறங்க ஆணித் துளை பெருக்கிறது. வெளியே எதுவும் தெரிவதில்லை. பிறகு ஒரு நாள் தட்டு விழுகிறது.

இதற்கு மாற்று, தச்சர்கள் நெடுங்காலமாக அறிந்த தவாளிப்பு மூட்டு. பக்கப் பலகையின் உட்புறத்தில், நாருக்குக் குறுக்கே, தட்டின் தடிப்புக்குச் சரியான அகலத்தில் ஒரு பள்ளம் வெட்டப்படுகிறது. அந்தப் பள்ளமே தவாளிப்பு. ஆங்கிலேயர் இதனை ஹவுசிங் மூட்டு என்பர்; அமெரிக்கர் டாடோ மூட்டு என்பர். தட்டின் நுனி இப்பள்ளத்துக்குள் அமர்கிறது. பள்ளத்தின் கீழ் விளிம்பு ஒரு படிபோல நின்று தட்டைத் தாங்குகிறது.

பள்ளத்தின் ஆழம் பக்கப் பலகையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். 18 மில்லிமீற்றர் பலகைக்கு 6 மில்லிமீற்றர். தட்டு 300 மில்லிமீற்றர் அகலமானால், ஒவ்வொரு நுனியிலும் 18 சதுர சென்ரிமீற்றர் மரம் பாரத்தை ஏற்றுக்கொள்கிறது. திருகாணிக்கு இனி ஒரே வேலைதான்: பக்கப் பலகைகள் வெளிப்புறமாக விலகாமல் பிடித்துக்கொள்வது.

எமது இரண்டாவது தவறு

பாடம் படித்துவிட்டோம் என்ற நம்பிக்கையுடன் எமது தச்சுக் கொட்டிலுக்கு ஒரு றவுட்டர் வாங்கினோம். கையில் பிடித்துத் தள்ளும் மின்பொறி இது. அதன் அடியில் வேகமாகச் சுழலும் அலகு மரத்தைக் கடைந்து பள்ளமாக்கும். பலகை 18 மில்லிமீற்றர். ஆகவே 18 மில்லிமீற்றர் அலகையே பூட்டி வெட்டினோம். பள்ளம் பார்வைக்கு அழகாகவே இருந்தது. தட்டைச் செருகியபோது அது கிலுக்கட்டைபோல ஆடியது.

காரணம் எளிது. 18 மில்லிமீற்றர் என்று விற்கப்படும் ஒட்டுப்பலகை பல வேளைகளில் அந்த அளவை எட்டுவதில்லை. அரை மில்லிமீற்றர் குறைவது சாதாரணம். முக்கால் அங்குல அலகு என்றால் நிலைமை இன்னும் மோசம், அது 19.05 மில்லிமீற்றர். சீவிய மரப்பலகையோ ஆளுக்கு ஒரு தடிப்பு. அடிமட்டமும் கடைக்காரரும் சொல்லும் எண்ணை நாம் நம்பினோம். கையிலிருந்த பலகையைக் கேட்கவில்லை.

மூட்டில் அரை மில்லிமீற்றர் இடைவெளி சிறிய குறையன்று. தட்டு ஆடினால் இறாக்கை முழுவதும் சரியும். ஆடும் தட்டு பள்ளத்தின் விளிம்பை நாளுக்கு நாள் தேய்க்கும். ஆகவே நாம் கற்றுக்கொண்ட விதி இதுதான்: பள்ளத்தின் அகலத்தை எண்ணால் அளக்க வேண்டாம், அதில் அமரப்போகும் பலகையே அளவுகோலாக இருக்கட்டும்.

இரட்டை வழிச்சட்டம்

கைபோன போக்கில் றவுட்டரைத் தள்ளினால் பள்ளம் கோணும். வரப்பை ஒட்டி நடப்பவன் இருட்டிலும் வழி தவறுவதில்லை. அதுபோல றவுட்டருக்கும் ஒட்டிச் செல்ல ஒரு வழிச்சட்டம் வேண்டும். கடைகளில் அலுமினிய வழிச்சட்டங்கள் உண்டு. ஆனால் ஒட்டுப்பலகைத் துண்டுகளால் நாமே செய்யும் இரட்டை வழிச்சட்டம் இந்த மூட்டுக்கு மிகவும் ஏற்றது.

6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் 900 மில்லிமீற்றர் நீளமும் 220 மில்லிமீற்றர் அகலமுமான இரண்டு அடித்தகடுகளை வெட்டிக்கொள்ளுங்கள். 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் அதே நீளத்துக்கு, 80 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு சட்டங்களை வெட்டுங்கள். ஒவ்வோர் அடித்தகட்டின் ஒரு நீள விளிம்போடு சேர்த்து ஒரு சட்டத்தை ஒட்டி, அடியிலிருந்து திருகாணி இடுங்கள். சட்டத்தின் உள்விளிம்பு நேராக இருக்க வேண்டும். கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

இனி முக்கியமான படி. 12 மில்லிமீற்றர் நேர் அலகைப் பூட்டி, றவுட்டரின் அடிப்பாதத்தைச் சட்டத்தில் ஒட்டியபடி தள்ளி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அடித்தகட்டை வெட்டி நீக்குங்கள். இரண்டு அடித்தகடுகளுக்கும் இவ்வாறே செய்யுங்கள். இப்போது அடித்தகட்டின் புதிய விளிம்பு, அலகு வெட்டும் கோட்டிலேயே நிற்கிறது. எங்கே அந்த விளிம்பு வைக்கப்படுகிறதோ அங்கே வெட்டு விழும். அளக்க வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த விளிம்பு அந்த அலகுக்கு மட்டுமே உரியது. வேறு தடிப்புள்ள அலகைப் போட்டால் வேறு வழிச்சட்டம் வேண்டும். அடுத்து, றவுட்டரின் அடிப்பாதத்துக்கு அலகு மிகச் சரியான நடுவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பாதத்தில் ஒரு புள்ளி இட்டு, இடச்சட்டத்தை ஒட்டும்போது எந்தப் பக்கம் ஒட்டியதோ, வலச்சட்டத்துக்கு எந்தப் பக்கமோ, என்றும் அதே பக்கத்தையே ஒட்டுங்கள். றவுட்டரைத் திருப்பாமல் பிடித்தால் இது தானாகவே அமையும்.

கடைசியாக, இடப்பக்க வழிச்சட்டத்தின் முன்முனைக்கு அடியில் 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு குறுக்குச் சட்டத்தைச் செங்கோணமாகப் பூட்டுங்கள். இது பலகையின் விளிம்பில் முட்டி நிற்கும். செங்கோணத்தை மூலைமட்டத்தால் மட்டும் நம்பாமல், வீட்டு அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கும் 3, 4, 5 கணக்கால் சரிபாருங்கள். ஒரு பக்கம் 300 மில்லிமீற்றரும் மறுபக்கம் 400 மில்லிமீற்றரும் குறித்தால், குறுக்கே 500 மில்லிமீற்றர் வர வேண்டும்.

வெட்டும் முறை

முதலில் இரு பக்கப் பலகைகளையும் உட்புறம் மேலே தெரிய, விறாந்தையில் விரித்த புத்தகம்போல அருகருகே சேர்த்து வையுங்கள். கீழ்முனைகள் ஒரே கோட்டில் இருக்கட்டும். தட்டின் இடத்தை இரண்டிலும் ஒரே கோடாகக் குறியுங்கள். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் வெட்டினால், அளவில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் இரு பக்கமும் சேர்ந்தே பிசகும். தட்டு மட்டமாகவே இருக்கும்.

இடப்பக்க வழிச்சட்டத்தின் விளிம்பைக் கோட்டில் வைத்து, குறுக்குச் சட்டம் பலகையில் முட்ட, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தட்டு வெட்டிய அதே பலகையிலிருந்து இரண்டு சிறு துண்டுகளை எடுத்து, நுனியிலும் அடியிலுமாக அந்த விளிம்போடு ஒட்டி நிமிர்த்தி வையுங்கள். வலப்பக்க வழிச்சட்டத்தை அத்துண்டுகளில் தொடும்வரை நகர்த்தி, அதையும் இறுக்குங்கள். துண்டுகளை எடுத்துவிடுங்கள். இடையில் எஞ்சியிருக்கும் வெளி, உங்கள் பலகையின் தடிப்பே.

ஆழத்தைக் குறிக்கும்போது அடித்தகட்டின் 6 மில்லிமீற்றரையும் சேர்க்க வேண்டும். 6 மில்லிமீற்றர் பள்ளத்துக்கு அலகு பாதத்துக்குக் கீழே 12 மில்லிமீற்றர் நீள வேண்டும். இதை ஒரே தடவையில் எடுக்காதீர்கள். முதலில் 9 மில்லிமீற்றர் விட்டு ஒரு சுற்று, பிறகு 12 மில்லிமீற்றர் விட்டு இன்னொரு சுற்று. அவசரப்பட்டு ஆழமாக எடுத்தால் மரம் கருகும், அலகு மழுங்கும்.

ஒரு சுற்று என்றால், இடச்சட்டத்தை ஒட்டி உங்களிடமிருந்து அப்பால் தள்ளிச் சென்று, வலச்சட்டத்தை ஒட்டி உங்களை நோக்கி இழுத்து வருவது. இந்தத் திசையை மாற்றக்கூடாது. மேலிருந்து பார்த்தால் அலகு வலஞ்சுழியாகச் சுழல்கிறது. அப்பால் தள்ளும்போது மரம் றவுட்டரை இடப்பக்கமாகத் தள்ளும். அங்கே இடச்சட்டம் இருக்கிறது. இழுத்து வரும்போது வலச்சட்டத்தின் பக்கமாகத் தள்ளும். அங்கே அது இருக்கிறது. பொறி தானாகவே சட்டத்தில் சாய்ந்துகொள்கிறது. திசையை மாற்றினால் அது சட்டத்தை விட்டு ஓடும், வெட்டு கோணும், கைக்கும் ஆபத்து.

அலகு பலகையை விட்டு வெளியேறும் ஓரத்தில் நார் பிய்ந்து வரும். அந்த ஓரத்தோடு ஒரு கழிவுத் துண்டைச் சேர்த்துக் கிளாம்ப் போட்டால், பிய்வது அந்தத் துண்டாகவே இருக்கும்.

நல்ல பலகையில் வெட்டுமுன் கழிவுத் துண்டு ஒன்றில் வெட்டிப் பாருங்கள். சரியான பொருத்தம் எது? தட்டு கையால் அழுத்த உள்ளே போக வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக்கூடாது. சுத்தியலால் அடித்துத்தான் ஏறுகிறது என்றால் அது பொருத்தமல்ல, வெடிப்புக்கு ஆரம்பம். இறுக்கமாக இருந்தால், வழிச்சட்டங்களை வைக்கும்போது துண்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு கடதாசி செருகுங்கள். சாதாரண எழுத்துக் கடதாசியின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். ஏற்கெனவே தளர்வாக வெட்டிவிட்டால், சீவுளியில் வரும் மெல்லிய சீவல் ஒன்றைத் தட்டின் நுனியில் பசையிட்டு ஒட்டலாம்.

மரப்பலகை பாவிப்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கோடையில் உலர்ந்திருக்கும் மரம் மாரியில் ஈரத்தைக் குடித்துத் தடிக்கும். ஆவணியில் மிக இறுக்கமாகச் செருகிய தட்டை ஐப்பசியில் கழற்ற முடியாமல் போகலாம். கோடையில் வெட்டும்போது ஒரு கடதாசி இடைவெளி கூடவே விடுங்கள். ஒட்டுப்பலகைக்கு இந்தக் கவலை குறைவு.

கைக்கும் கண்ணுக்கும்

அலகை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றி, அதனைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. 6 மில்லிமீற்றர் தண்டுள்ள அலகும் கால் அங்குலத் தண்டுள்ள அலகும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர். கால் அங்குலப் பிடியில் 6 மில்லிமீற்றர் தண்டைப் பூட்டினால், சுழலும்போது அது நழுவி வெளியேறும். தண்டை முழுவதும் உள்ளே விட்டு, பின்னர் 2 அல்லது 3 மில்லிமீற்றர் வெளியே இழுத்து இறுக்குங்கள்.

கண்ணாடியும் மூக்கு மூடியும் காது அடைப்பும் ஆடம்பரமல்ல. சாரம், சால்வை, தளர்ந்த கைச்சட்டை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை பொறியருகே வேண்டாம். பொறி தரும் திடீர் இரைச்சல், ஷெல் சத்தத்தோடு வாழ்ந்தவர்களைத் திடுக்கிட வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். தொடங்குமுன் ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

எமது மண்ணுக்கே உரிய ஆபத்தொன்றும் உண்டு. சண்டை நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள்ளும், இடிந்த வீடுகளிலிருந்து எடுத்த பலகைகளுக்குள்ளும் சன்னங்களும் ஷெல் துண்டுகளும் பழைய ஆணிகளும் புதைந்திருக்கின்றன. மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். வேகமாகச் சுழலும் அலகு இரும்பில் பட்டால் அலகின் முனை உடைந்து பறக்கும். பலகையின் மீது ஒரு வலுவான காந்தத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஆனால் காந்தத்துக்குப் பித்தளையும் ஈயமும் அகப்படா. ஆழத்தில் கிடக்கும் இரும்பும் தப்பிவிடலாம். மரத்தில் கருநீல நிறக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். சந்தேகமான பலகையை றவுட்டருக்குக் கொடுக்காமல் கைவாளுக்கும் உளிக்கும் விடுங்கள்.

மின்சாரம் இல்லாதபோது

றவுட்டர் இல்லாவிட்டால் இந்த மூட்டு இல்லை என்று எண்ண வேண்டாம். விதி ஒன்றுதான். முதற் கோட்டை மூலைமட்டத்தால் கத்தியால் கீறுங்கள். தட்டின் நுனியை அக்கோட்டில் நிறுத்தி, மறுபக்கத்தைத் தட்டையே ஒட்டிக் கத்தியால் கீறுங்கள். இரு கோடுகளுக்கும் உட்பக்கமாக 6 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் கைவாளால் அறுத்து, நடுவை உளியால் கொத்தி எடுங்கள். இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிக் கொத்தினால் ஓரம் பிய்யாது. பள்ளத்தின் அடியை மட்டப்படுத்த ஆங்கிலேயத் தச்சர்கள், ஒரு கட்டையில் உளியைச் செருகிய சிறு சீவுளி ஒன்றைப் பாவித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "கிழவியின் பல்". இன்றைய றவுட்டர் அந்தக் கிழவியின் பேத்தி எனலாம்.

ஒரு பலகையில் இரண்டு இறாக்கைகள்

8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்றை நீளவாக்கில் 300 மில்லிமீற்றர் அகலமான நான்கு கீற்றுகளாக அரியுங்கள். இரண்டு கீற்றுகள் ஓர் இறாக்கைக்குப் போதும். ஒன்றிலிருந்து 1200 மில்லிமீற்றர் உயரமான இரு பக்கப் பலகைகள். மற்றதிலிருந்து 600 மில்லிமீற்றர் நீளமான நான்கு தட்டுகள். ஆகவே ஒரு பலகையில் இரண்டு குடும்பங்களுக்கு இறாக்கை. தட்டுகள் இரு பக்கமும் 6 மில்லிமீற்றர் உள்ளே அமர்வதால், பூட்டியபின் மொத்த அகலம் 624 மில்லிமீற்றர் வரும்.

அடித்தட்டு நிலத்திலிருந்து 150 மில்லிமீற்றராவது உயர இருக்கட்டும். பக்கப் பலகைகளை மண்ணில் ஊன்றாமல் கல்லின் மீது நிறுத்துங்கள். கறையானுக்காகக் கழிவு ஒயில் பூசுவதானால் பாதங்களின் அடியில் மட்டும் பூசுங்கள். நெல் படும் தட்டில் பூச வேண்டாம். பின்புறத்தில் ஒரு மெல்லிய சட்டத்தை மூலைக்கு மூலை சாய்வாகப் பூட்டாமல் விடாதீர்கள். தவாளிப்பு பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டுச் சரிவைத் தடுப்பது அந்தச் சாய்வுச் சட்டமே.

பசை போட வேண்டாம் என்பது எமது ஆலோசனை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளேயே திரும்பத் திரும்பவும் இடம்பெயர்ந்த எமது மக்கள் கதவு, யன்னல், கூரைத் தகரம் என்று கழற்றக்கூடியதைக் கழற்றி ஏற்றிச் சென்றார்கள். கழற்ற முடியாத அலுமாரிகள் அங்கேயே நின்றன. நன்றாகப் பொருந்திய மூட்டுக்குப் பசை தேவையில்லை. ஒவ்வொரு தட்டு நுனிக்கும் வெளியிலிருந்து இரண்டு திருகாணி, மொத்தம் பதினாறு. துறப்பணத்தால் முன்துளை இட்டு அவற்றைப் பூட்டுங்கள். அவற்றையும் பின்சட்டத்தையும் கழற்றினால் ஆறு பலகைகள். கட்டாகக் கட்டிச் சைக்கிள் கரியரிலும் வைக்கலாம். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் அதே பள்ளங்களில் அதே தட்டுகள் மீண்டும் அமரும். எந்தத் தட்டு எந்தப் பள்ளத்துக்கு என்று உட்புறத்தில் எண் இட்டுவிடுங்கள்.

விதைநெல்லை இழந்த குடும்பத்துக்கு மறு ஆண்டு நாம் புதிய இறாக்கை ஒன்றைச் செய்து கொண்டுபோனோம். இம்முறை அந்த வீட்டு மகனே வழிச்சட்டத்தை வைத்து வெட்டியிருந்தான். அவனுடைய தாயார் எதுவும் சொல்லவில்லை. நடுத்தட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, தன் முழுப் பாரத்தையும் வைத்து அழுத்திப் பார்த்தார். தட்டு அசையவில்லை. பிறகுதான் போய் நெல்லுப் பையைத் தூக்கி வந்தார்.